அடைமழையும் அரைக் கொட்டகையும்

“மழைக்காலத்தில் உங்களை நம்பிக் கடக்கால் (அஸ்திவாரம்) எடுக்க முடியாது” என்று வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார். கத்திரித் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு, நிதானமாக, மனம் நோகாதபடிதான் சொன்னார். “கொட்டகை கட்டுகிறவர் கொட்டகை கட்ட வேண்டும். வெள்ளம் வெட்டிவிடுகிறவர் வெள்ளம் வெட்டிவிட வேண்டும். இரண்டையும் ஒருவரே எடுத்துக்கொண்டால், வானம் இருட்டியதும் எங்களைத்தான் பாதியில் விட்டுப் போவீர்கள்.” வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபடுகிறது.

தையில் தொடங்கிப் புரட்டாசி வரை என் தொழில் பண்ணைக் கட்டுமானம். மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பரண், மோட்டார் கொட்டகை, நெற்களம், தீவன அறை, பண்ணைக் குட்டை. ஒரு பொக்லைன், ஒரு டிராக்டர், வெல்டிங் செட், நாலைந்து கொத்தனார்கள், சித்தாட்கள். ஐப்பசி பிறந்தால் இதே வண்டியும் இதே ஆட்களும் வேறு வேலைக்குப் போகிறோம். அடைபட்ட சிறுபாலங்களைத் திறப்பது, வரத்துக் கால்வாயை மூடிய வேலிகாத்தானை (சீமைக் கருவேலத்தை) வேரோடு பிடுங்குவது, சாய்ந்த மரத்தை அறுத்துச் சாலையை விடுவது, தெருவில் தேங்கியதை டீசல் எஞ்சின் வைத்து இறைப்பது, உடைந்த கரைக்கு மணல் மூட்டை அடுக்குவது. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளாட்சிக்காரர்கள். சில நேரம் ஒரு தெருவே சேர்ந்து பணம் போட்டுக் கூப்பிடும்.

ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மழையில் கட்டுமானம் எப்படி நிற்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. தோண்டிய கடக்காலில் ஒரு மழை இறங்கினால் அடிமண் குழைந்து சேறாகிவிடும். தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது. அந்தச் சேற்றைக் கெட்டி மண் தட்டுப்படும் வரை வழித்து எடுத்த பிறகுதான் ஜல்லி போட வேண்டும். ஏரிப் பாசனத்துக் களிமண் நிலமாக இருந்தால் பக்கச் சுவரும் சரிந்து, ஒன்றரை அடியில் எடுத்த பள்ளம் மூன்றடியாக அகன்று நிற்கும். கான்கிரீட் ஏழு நாளாவது ஈரத்தில் இருக்க வேண்டும், மழை அதற்கு நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போட்ட அன்றே பெய்தால் சிமென்ட் பால் கழுவிக்கொண்டு ஓடி, மேலே வெறும் ஜல்லி தெரியும். சூளைகள் நின்றுவிடுவதால் செங்கல் விலை ஏறும். அடுக்கிவைத்த சிமென்ட் மூட்டை ஓரத்தில் கட்டி பிடிக்கும். ஈரக்கையோடு வெல்டிங் பிடிக்க ஒருவனை நான் ஏற்றமாட்டேன். வண்டித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வண்டி ஒன்று சும்மா நிற்க வேண்டும், அல்லது தண்ணீருக்குப் போக வேண்டும். தண்ணீர் வேலையை மட்டும் நம்பியும் வண்டி வைத்திருக்க முடியாது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 

கோடி போகும் இரவு

2021 நவம்பர். ஒடுகத்தூர் சாலையில் ஒரு பெரியம்மாவுக்குக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தேன். கணவர் இல்லை. மகன் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் வாங்கிய இரண்டு கறவை மாடுகளும், ஏற்கெனவே இருந்த ஒரு சினைப் பசுவும்தான் அவர் வீட்டு வருமானம். மாடு ஒன்றுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரைக்குக் கீழே வேண்டும் என்ற கணக்கில், பின்னால் வரப்போகும் கன்றுகளுக்கும் சேர்த்து, கிழக்கு மேற்காக நீளம் வைத்து அளவு போட்டிருந்தேன். பேஸ்மென்ட் (தரைக்கு மேலே எழும் அடித்தளம்) எழுப்பிக் கிராவல் நிரப்பியாயிற்று. இரும்புத் தூண்கள் நின்றன. மேலே தகடு ஏறவில்லை, தரையும் போடவில்லை.

மாத முதல் பாதியிலேயே மழை ஊறிப் போயிருந்தது. சதுப்பேரி, கழிஞ்சூர் ஏரி என்று ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து, எங்கள் பேச்சில் கோடி போய்க்கொண்டிருந்தன. வேலூர் நகருக்குள் நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் கன்சால்பேட்டையும் இந்திரா நகரும் தண்ணீரில் நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 18ஆம் தேதி மாலையிலிருந்து விடாமல் கொட்டியது. என் தொலைபேசி எண் மழைக்கால முன்னேற்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019இல் பழைய மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பிறகு, எல்லையில் இருக்கும் என் எண் இரண்டு பட்டியல்களில் ஏறிவிட்டது. அன்றிரவு இரண்டு இடத்திலிருந்தும் அழைப்பு வந்தது.

போவதற்கு முன் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தூண்களுக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். காற்றில் அது நிற்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாடுகளை வீட்டுத் தாழ்வாரத்தில் ஏற்றிக் கட்டினார். “நீ போ தம்பி. ஊர் தண்ணீரில் நிற்கும்போது என் மாட்டுக்காக உன்னைப் பிடித்து வைத்தால் நன்றாக இருக்காது” என்றார். பிறகு கயிற்றை முடிந்துகொண்டே, “எப்போது வருவாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை. இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட நியாயமானது வேறில்லை. எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு கம்பி, எத்தனை ஆள் என்று மனக்கணக்கில் சொல்லிவிடுவேன். எப்போது வருவேன் என்பதை என்னைக் கூப்பிட்டவர்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. மழை விட்டதும் வந்துவிடுகிறேன் அம்மா என்றேன். மழை விட்ட பிறகுதான் எங்கள் வேலையே பெருகும் என்பதைச் சொல்லவில்லை. அவர் தலையசைத்தார்.

அன்றிரவு ஒரு கிராமச் சாலையின் சிறுபாலத்தில் நின்றோம். மேற்கே ஏரி கோடி போன தண்ணீர் பாலத்தின் கண்ணில் நுழைய முடியாமல் சாலை மேல் ஏறி, கிழக்கே தாழ்வாக இருந்த தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கழியால் குத்திக் குத்தி, “இங்கே இருக்கிறது, இதற்கு மேல் வராதீர்கள், கைப்பிடிச் சுவர் இருக்கிறது” என்று அடையாளம் சொன்னார். முதல் வாளியில் தென்னை மட்டைகள் வந்தன. அடுத்து வேலிகாத்தான் வேர், அதில் சுற்றிய சேலைத் துண்டு, பழைய மெத்தை, சிமென்ட் பைகள், யாரோ இடித்த வீட்டின் ஜன்னல் சட்டம். வாளியின் பல் கல்லில் உரசாமல் ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக இறக்கினார். வேகமாக இழுத்தால் பாலத்தின் கட்டே பெயர்ந்து வந்துவிடும். கடைசியாக ஒரு பனந்துண்டு குறுக்கே மாட்டியிருந்தது. அது நகர்ந்ததும் அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. பிறகு சாலை மேல் ஓடிய தண்ணீர் மெல்லச் சுருங்கத் தொடங்கியது. தெருவுக்குள் இருந்தவர்கள் கை தட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் வீட்டுப் படியைப் பார்க்க ஓடினார்கள்.

மறுநாள் 19ஆம் தேதி, கார்த்திகை தீபம். அன்று அதிகாலையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வாணியம்பாடியில் 1903 வெள்ளத்துக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஆற்றில் தண்ணீரே பார்த்திராத எங்கள் பையன்களுக்கு அந்தத் தூண் எதற்கு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஊனமான சுவர், அடைபட்ட கண், தூர்ந்த கால்வாய் ஆகியவற்றைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசுவதற்கு அந்தச் செய்தி ஒரு காரணம். இந்த வேலையைக் குறைத்துப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கொட்டகைக்குத் திரும்பியபோது மார்கழி பிறந்துவிட்டது. தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. தாழ்வாரத்து ஈரத்திலும் சேற்றிலும் நின்று கறவை மாடு ஒன்றுக்கு மடிவீக்கம் வந்து, மருத்துவரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காபி கொடுத்தார். நான் பேஸ்மென்ட்டைப் பார்த்தேன். நாங்கள் தண்ணீர் ஊற்றி இடித்துக் கெட்டிப்படுத்திய கிராவல், ஒரு மூலையில் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. இடிகட்டை எட்டாத அடியாழத்துக்கு மழை எட்டியிருக்கிறது. ஐப்பசியில் அவசரப்பட்டுத் தரை போட்டிருந்தால் அந்த மூலை விரிந்து, மூத்திரம் உள்ளே இறங்கி, குளம்பு அழுகலுக்கு இடம் கொடுத்திருக்கும். மாட்டுக் கொட்டகையின் தரையில் நாற்பதுக்கு ஒன்றிலிருந்து அறுபதுக்கு ஒன்று வரைக்குள் வாட்டம் வைக்க வேண்டும். அதற்கு மேல் சரித்தால் மாடு வழுக்கும், குறைத்தால் தண்ணீர் தேங்கும். நான்கு விரற்கடை இறங்கிய தரையில் எந்த வாட்டமும் நிற்காது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மழை எங்கள் கட்டுமானத்தைக் கெடுக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். வேலையை மழை இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் பிரித்தால் நல்லது என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

பனி விழும் ஊரில்

என் அக்காள் மகன் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறான். அந்தப் பொங்கலுக்குப் பேசும்போது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “மாமா, எங்கள் தெருவில் பனி தள்ள வருகிறவரும் உங்கள் மாதிரித்தான்” என்றான். கோடையில் பண்ணைகளுக்கு மரத்தூண் நட்டுத் தகடு போட்ட கிடங்கு கட்டுகிறாராம். பனிக்காலத்தில் வண்டி முன்னால் கலப்பை மாதிரி ஒரு தகடு மாட்டிக்கொண்டு பனி தள்ளப் போகிறாராம். நான் விடவில்லை. அந்த மனிதரின் வருடத்தையே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கே நிலம் உறைந்து உப்பும். அதனால் கடக்கால் உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். அந்த மாநிலத்தின் தெற்கே 42 அங்குலம், வடக்கே 60 அங்குலம். எங்கள் ஆட்களிடம் ஐந்தடி கடக்கால் என்றால் கிணறா வெட்டுகிறோம் என்று கேட்பார்கள். மண் இறுகுவதற்குள் தூண் நட்டாக வேண்டும், பனி கொட்டுவதற்குள் கூரை ஏறியாக வேண்டும். கூரை ஏறிவிட்டால் உள்வேலையைக் குளிரிலும் செய்யலாம். இதுவரை நமக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு கூலியில் இருக்கிறது. ஒரு முறை தள்ளினால் இவ்வளவு என்று பேசிக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. பனி இரண்டு அங்குலம் சேர்ந்தால் வர வேண்டும் என்பது போல அளவு எழுதிக்கொள்கிறார்கள். அதோடு, பருவம் முழுவதற்கும் ஒரே தொகை என்ற ஒப்பந்தமும் பரவலாக இருக்கிறது. பனி எவ்வளவு விழுந்தாலும், விழாமலே போனாலும், பேசிய தொகை. அதற்குப் பதிலாக அந்த மனிதர் தயாராக நிற்க வேண்டும். அந்தத் தொகை கையில் இருப்பதால் அவர் குளிர்காலத்துக்கென்று இன்னோர் ஓட்டுநரை வைத்துக்கொள்கிறார். அவருடைய கிடங்கு வேலை எந்த மாதத்தில் நிற்கும், எந்த மாதத்தில் தொடங்கும் என்று பண்ணைக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவிடுகிறார்.

பெரியம்மா கேட்ட தேதி என்னிடம் ஏன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மழைக்கு முன் கூட்டம் நடக்கும். எத்தனை பொக்லைன், எத்தனை மர அறுவை இயந்திரம், எத்தனை மணல் மூட்டை தயார் என்று கணக்கு எடுப்பார்கள். அது நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானறிந்த வரையில் தயாராக இருப்பதற்கு யாரும் எனக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. வண்டியின் மணி மீட்டர் ஓடினால் கூலி. சாலையோரம் இரவெல்லாம் விழித்து நின்றால் அது மீட்டரில் ஏறாது. அந்த மணிக்கூலியும், 2021 வேலைக்கு, அடுத்த கோடையில்தான் ஓர் அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தது. காத்திருப்பதற்குக் கூலி இல்லாததால் நான் கொட்டகை வேலையைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறேன். அழைப்பு வந்ததும் அதைப் பாதியில் விடுகிறேன். ஊர் முழுவதற்குமான வெள்ளச் செலவில் ஒரு பங்கை அந்தப் பெரியம்மா, தன் மாட்டின் மடியிலிருந்து, யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறார். விவசாயிக்கு என் மேல் வரும் கோபம் அங்கேதான் பிறக்கிறது.

மழையே பெய்யாவிட்டால் பொதுப் பணம் வீண்தானே என்று இதைக் கேட்ட நண்பர் ஒருவர் சொன்னார். 2016 போல ஓர் ஆண்டு வந்தால் தணிக்கையில் என்ன பதில் சொல்வார்கள் என்றார். தீப்பிடிக்காத மாதத்தில் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் கொடுக்காமல் விடுகிறோமா என்று நான் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தீயணைப்புத் துறை அரசுடையது, நீங்கள் தனியார் என்றார். அது உண்மை. அதனால்தான் ஒப்பந்தத்தில் கடமையும் எழுதப்பட வேண்டும் என்கிறேன். கூப்பிட்ட இத்தனை மணி நேரத்துக்குள் வராவிட்டால் தொகையில் பிடித்துக்கொள்ளட்டும். ஐப்பசிக்கு முன்பே அந்தந்தப் பாலத்தின் கண்ணை ஒரு முறை திறந்துகாட்ட வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளட்டும். புரட்டாசியில் பகல் வெளிச்சத்தில் அரைமணி நேரத்தில் எடுக்கக்கூடிய மட்டையைத்தான் கார்த்திகை இருட்டில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கிறோம்.

பனிக்கும் தண்ணீருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருப்பதையும் மறுக்கவில்லை. பனியை ஓரமாகக் குவித்து வைக்கலாம். தண்ணீரை ஓரிடத்திலிருந்து தள்ளினால் அது இன்னொருவர் நிலத்துக்குப் போகும். மேலூர்க்காரர்கள் கரையை வெட்டு என்பார்கள், கீழூர்க்காரர்கள் வண்டிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். கரையை வெட்டுவதா என்பதை வண்டிக்காரன் முடிவு செய்யக் கூடாது. அதிகாரி ஒருவர் நேரில் நின்று எழுதிக் கொடுக்காமல் நான் எந்த ஏரிக்கரையிலும் வாளி வைத்ததில்லை. ஆனால் எந்தப் பக்கம் தாழ்வு, எந்த வயல் வழியாகப் போனால் பயிர் அதிகம் சாகாது என்று சொல்ல, அந்த நிலங்களில் குட்டை வெட்டியவனும் களம் போட்டவனும் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொட்டகை கட்டுகிறவரும் வெள்ளம் வெட்டிவிடுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம். கடக்கால் தோண்டும்போது மண்ணைப் பார்த்தவனுக்குத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரியும்.

இரண்டு துண்டாக

இப்போது பண்ணை வேலைகளை நான் இரண்டு ஒப்பந்தமாகப் பேசுகிறேன். ஆயுத பூஜைக்குள் தூண் நின்று தகடு ஏற வேண்டும். பேஸ்மென்ட் மண் நிரப்பி, இடித்து, அப்படியே மழைக்கு விட்டுவிடுவோம். தண்ணீர் உள்ளே புகாதபடி சுற்றிலும் ஒரு வாய்க்கால் மட்டும் இழுத்துவைப்போம். தரை, தீவனத் தொட்டி, மூத்திரக் கால்வாய் எல்லாம் தையில். அதுவரை மாடு கூரைக்குக் கீழே, கெட்டி மண்ணில், நனையாமல் நிற்கும். ஆவணிக்குள் கடக்கால் முடிக்க முடியாத வேலையை அந்த ஆண்டு எடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் தென்மேற்கு மழையும் தாராளமாகப் பெய்வதால் ஆடி, ஆவணி மாலைகளில் இடி மழைக்கு நாள் போகும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் தேதி சொல்கிறேன். மழை நாட்களில் அழைப்பு இல்லாதபோது வெல்டர்கள் பட்டறைக் கூரைக்குள் அடுத்த ஆண்டுக் கொட்டகைகளுக்கு ட்ரஸ் (கூரை தாங்கும் இரும்புச் சட்டம்) அடிக்கிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த கொட்டகைகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. மார்ச் 31க்குள் கணக்கு முடிய வேண்டும் என்பதால் ஆணை எப்போது வந்ததோ அப்போது கட்டியாக வேண்டியிருந்தது. ஆணை சித்திரையில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கேட்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பருவத்துக்கு ஒரே தொகை என்ற யோசனையை எழுதி இரண்டு உள்ளாட்சிகளில் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், விதியில் இடம் இல்லை என்றார்கள். காட்பாடிப் பக்கம் ஏரிக்குக் கீழே இருக்கும் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் மட்டும் ஒப்புக்கொண்டது. ஐப்பசி முதல் மார்கழி வரை அவர்கள் தெருக்களின் கால்வாயும் இரண்டு சிறுபாலங்களும் என் பொறுப்பு. பாதித் தொகை புரட்டாசியிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் இரண்டாவது ஓட்டுநர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். டீசல் எஞ்சின் ஒன்று அவர்கள் சங்க அலுவலகத்து வாசலிலேயே நிற்கிறது.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. வண்டி ஒன்றுதான். சங்கம் கூப்பிடும் இரவிலேயே பட்டியல்காரர்களும் கூப்பிட்டால் யாருக்கு முதலில் போவது? பணம் கட்டியவர்களுக்குத்தான் என்று எழுத்தில் இருக்கிறது. குடிசைகள் இருக்கும் தெருவில் தண்ணீர் ஏறும்போது அந்த எழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. சங்கத் தலைவரிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் அங்கே போங்கள், எங்கள் எஞ்சினை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், எப்படி ஓட்டுவது என்று இரண்டு பேருக்குக் காட்டிக்கொடுங்கள் என்றார். அதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை இளைஞர்கள் இருவர் வந்தார்கள். உறிஞ்சு குழாயில் காற்று நிற்காமல் தண்ணீர் ஊற்றி நிரப்புவதையும், வலையில் குப்பை சேர்ந்தால் எஞ்சினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன்.